பம்ப்செட் விவசாயிகள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை (28.11.2021)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு உறுப்பினர்களே, மழையையும் பார்க்காமல் வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு கொரோனாவால் பொதுக்குழு கூடவில்லை. ஆகவே இரண்டு ஆண்டு நடவடிக்கைகளையும் சேர்த்து இந்த அறிக்கையை வைக்கிறேன்.

நிர்வாகக் குழு ஒன்பது முறை கூடியது. பொங்கலன்று சங்கக் கட்டடத்துக்கு வெள்ளை அடிக்கப்பட்டது. வடக்குத் தோட்டத்து டிரான்ஸ்பார்மரை மாற்றக் கோரி மூன்று மனுக்கள் கொடுத்தோம், ஆகஸ்டில் மாற்றிக் கொடுத்தார்கள். ஜூன் 19ஆம் தேதி, மின் கட்டணப் போராட்டத்தில் உயிர்நீத்த விவசாயிகளின் பெருமாநல்லூர் நினைவிடத்துக்கு, ஊரடங்கு காரணமாக, தலைவரும் நானும் மட்டும் சென்று மாலை வைத்தோம். புதிதாக ஒரு லட்சம் விவசாய மின் இணைப்புகள் வழங்கும் திட்டம் செப்டம்பரில் தொடங்கியதும், காத்திருப்போர் பட்டியலில் இருந்த நம் உறுப்பினர்கள் நால்வருக்கு விண்ணப்ப வேலைகளைச் செய்து கொடுத்தோம். மறைந்த உறுப்பினர்கள் ஆறு பேருக்கு அஞ்சலி செலுத்தப்பட்டது. அவர்களில் மூவரைக் கொரோனா கொண்டுபோனது.

இனி, இந்த ஆண்டு என் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட வேலைக்கு வருகிறேன். சங்கத்தைச் செயலாளர் தேவையில்லாத விஷயங்களில் இழுத்துவிடுகிறார் என்று சில உறுப்பினர்கள் வெளியில் பேசுவதாகக் கேள்விப்பட்டேன். அதற்கான பதிலையும் பொதுக்குழுவிலேயே சொல்லிவிடுவது முறை.

நாளை திங்கட்கிழமை நாடாளுமன்றத்தின் குளிர்காலக் கூட்டத்தொடர் தொடங்குகிறது. டிசம்பர் 23 வரை நடக்கும். இந்தத் தொடரில் எடுத்துக்கொள்ளப்போவதாக மத்திய அரசு 26 மசோதாக்களைப் பட்டியலிட்டிருக்கிறது. மூன்று வேளாண் சட்டங்களையும் திரும்பப் பெறும் மசோதா அதில் இருக்கிறது. பிரதமர் 19ஆம் தேதி அறிவித்தபோது நம் ஊரிலும் இனிப்பு கொடுத்தோம். ஓராண்டு குளிரிலும் வெயிலிலும் டெல்லி எல்லையில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கிடைத்த வெற்றி அது. ஆனால் அதே பட்டியலில், சற்றுத் தள்ளி, மின்சாரத் திருத்த மசோதா 2021 என்று ஒரு வரி இருக்கிறது. இனிப்பு சாப்பிட்ட எத்தனை பேர் அந்த வரியைப் படித்தோம்?

அது புதிதாக முளைத்ததும் அல்ல. 2020 ஏப்ரல் 17 அன்று, நாடே ஊரடங்கில் கிடந்தபோது, அதன் வரைவு வெளியானது. மானியத்தைக் கழிக்காமல் முழுக் கட்டணம் நிர்ணயிக்கப்படும், மானியத்தை மாநில அரசு பயனாளிக்கு நேரடியாகக் கொடுத்துக்கொள்ள வேண்டும் என்று அந்த வரைவு சொன்னது. டெல்லிப் போராட்டத்தின் கோரிக்கைகளில் இதைக் கைவிட வேண்டும் என்பதும் ஒன்று. 2020 டிசம்பர் 30 பேச்சுவார்த்தையில் இந்தக் கோரிக்கையில் உடன்பாடு எட்டப்பட்டதாக வேளாண் அமைச்சர் தோமரே அறிவித்தார். அதற்குப் பிறகும் ஜூலையில் மழைக்காலக் கூட்டத்தொடரின் பட்டியலில் மசோதா இருந்தது. அப்போது அவையில் வைக்கப்படவில்லை. இப்போது மீண்டும் வந்திருக்கிறது.

மசோதாவின் நோக்கம் என்று பட்டியலில் சொல்லியிருப்பது இது: மின் விநியோகத் தொழிலுக்கு உரிமம் தேவையில்லை என்று ஆக்கிப் போட்டியைக் கொண்டுவருவது, ஒழுங்குமுறை ஆணையங்களில் சட்டத்துறையைச் சேர்ந்த ஒருவரை உறுப்பினராக்குவது, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை வலுப்படுத்துவது, புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை உரிய அளவு வாங்காதவர்களுக்கு அபராதம் விதிப்பது, நுகர்வோரின் உரிமைகளையும் கடமைகளையும் வரையறுப்பது. இவற்றில் பின்னால் உள்ளவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. முதலில் உள்ளதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

போட்டி வந்தால் நல்லதுதானே, செல்போன் கம்பெனி மாதிரி நான்கு பேர் வருவார்களே என்று தம்பிமார் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. செல்போனுக்கு ஆளுக்கு ஒரு கோபுரம் போட்டார்கள். மின்சாரத்துக்கு அப்படி ஆளுக்கொரு கம்பம் நடப்போவதில்லை, மின்வாரியம் போட்ட கம்பத்திலும் கம்பியிலும்தான் வியாபாரம். அப்படி வருகிறவர் முதலில் யாரைத் தேடிப் போவார்? திருப்பூர் பனியன் கம்பெனியையும் நூற்பாலையையும் தேடிப் போவாரா, பில்லே இல்லாத நம் பம்ப்செட்டைத் தேடி வருவாரா? ஆலைகளும் கடைகளும் கூடுதலாகக் கட்டுகிற கட்டணத்தில்தான் குடிசைக்கும் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் கொஞ்சம் ஈடு கட்டப்படுகிறது. நல்ல வாடிக்கையாளர் வெளியே போய்விட்டால், வாரியத்தின் கையில் நாம் மட்டும் மிஞ்சுவோம். காற்றில் கம்பி அறுந்தால் லைன்மேனை அனுப்பக்கூட அதற்குத் திராணி இருக்காது.

மானியத்தை நேரடியாகக் கொடுப்பது பற்றி இந்தப் பட்டியலின் சுருக்கத்தில் எதுவும் இல்லை. அதை மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் முதல் வரைவில் இருந்த ஒன்றை நினைவில் வைத்திருக்காமல் இருக்க முடியாது. அதனால்தான் தோட்டம் தோட்டமாகப் போய்க் கணக்கெடுத்தேன். இந்த அறிக்கையில் எனக்கு மனநிறைவு தருவது அந்த வேலைதான்.

செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதமும் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு 63 சர்வீஸ்களுக்கு, அதாவது மின் இணைப்புகளுக்கு, நேரில் சென்றேன். மோட்டார் எத்தனை குதிரைத் திறன், கிணறா போர்வெல்லா, எத்தனை அடி, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடுகிறது, இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று எழுதினேன். நம் தோட்டங்களில் ஏழரை குதிரைத் திறன் மோட்டார்தான் அதிகம். ஆறு மணி நேரம் ஓடினால் நாளுக்கு ஏறக்குறைய 33 யூனிட், மாதத்துக்கு ஆயிரம் யூனிட். யூனிட் ஐந்து ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும் மாதம் 5,000 ரூபாய். மானியம் பிறகு வங்கிக்கு வரும் என்றாலும் அதை முதலில் எடுத்து வைக்க வேண்டியவர் யார்? பணம் இரண்டு மாதம் தாமதமானால் பீஸ் கட்டையைப் பிடுங்க மாட்டார்கள் என்று யார் உத்தரவாதம் தருவது?

அதைவிடப் பெரிய சிக்கலை ஒரு கிணற்று மேட்டில்தான் கண்டேன். அங்கே ஒரு அம்மா, கணவரை இழந்தவர், பிஸ்கட் டப்பாவிலிருந்து மின் இணைப்பு அட்டையை எடுத்துக் கொடுத்தார். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பின்னால் காலண்டர் தாள் ஒட்டியிருந்தது. அதில் இருந்தது அவருடைய மாமனாரின் தகப்பனார் பெயர். கிணற்றில் இப்போது நான்கு பங்காளிகளுக்கு முறை வைத்துத் தண்ணீர் ஓடுகிறது, ஆளுக்கு இரண்டு நாள். "மானியம் இந்தப் பெயருக்கு வந்தால் எந்த வங்கியில் போய்க் கேட்பது தம்பி?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. 63 இணைப்புகளில் 38 மறைந்தவர்கள் பெயரில் இருக்கின்றன. குத்தகைக்கு ஓட்டுகிறவர்கள் நிலை இன்னும் மோசம்.

பட்டியலில் வந்ததெல்லாம் சட்டமாகிவிடாது என்கிறார்கள். உண்மைதான். அறிமுகம், விவாதம், நிலைக்குழு, இரண்டு அவைகள் என்று வழி நீளமாகத்தான் இருக்கிறது. ஆனால் வேளாண் மசோதாக்கள் 2020 செப்டம்பர் 14 அன்று மக்களவைக்கு வந்தன, அந்த மாதம் முடிவதற்குள் மூன்றும் சட்டமாகிவிட்டன. மின்சாரம், மத்திய அரசும் மாநிலமும் சட்டம் செய்யக்கூடிய, அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் இருப்பது. மாநிலத்தின் பேச்சுக்கும் அங்கே இடம் உண்டு. நம் பேச்சை நாம்தான் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

இந்தக் கணக்கெடுப்பையும், மசோதா பற்றித் தமிழில் நான் எழுதிய 14 பக்கக் குறிப்பையும் சேர்த்து, நவம்பர் 24 அன்று நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை இருக்கிறது. அதற்கு முன் எல்லாருக்கும் தொலைபேசியில் சொன்னேன், வாட்ஸ்அப்பில் இரண்டு முறை போட்டேன். வருகிறோம் என்று 26 பேர் சொன்னார்கள். வேன் பேசி வைத்தோம். காலை எட்டு மணிக்கு வேனில் நான்கு பேர் இருந்தோம், அதில் இருவர் எழுபதைத் தாண்டியவர்கள். அன்று முகூர்த்த நாளும் இல்லை, மழையும் விட்டிருந்தது. 1970இல் யூனிட்டுக்கு ஒரு பைசா உயர்வை எதிர்த்த போராட்டத்தில் இதே பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். 1972இல் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை வீதிகள் மாட்டு வண்டிகளால் அடைத்து நின்றன. நம் வீட்டு வண்டிகளும் அதில் போயின. 1990இலிருந்து பில் இல்லாமல் மோட்டார் ஓடுகிறதென்றால் அது அவர்கள் போட்ட அடித்தளம். அவர்களுடைய பேரப்பிள்ளைகளால் ஒரு முற்பகலை ஒதுக்க முடியவில்லை என்பதை நான் மிகுந்த வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாக, வரவை ஒட்டியே செலவு இருந்தது, கையிருப்பு சென்ற முறையைவிடக் குறைவு. ஜெராக்ஸ், வேன், வெள்ளையடிப்பு ஆகியவையே முக்கியச் செலவுகள். 84 உறுப்பினர்களில் 31 பேர் மட்டுமே இரண்டு ஆண்டுச் சந்தாவையும் செலுத்தியிருக்கிறார்கள். ஆண்டுக்கு 120 ரூபாய். ஸ்டார்ட்டரில் ஒரு காயில் எரிந்தால் யோசிக்காமல் அதைவிட அதிகம் கொடுக்கிறோம். விளைச்சல் பொய்த்தவர்கள் சிலர் இருக்கிறார்கள், அவர்களை நான் கேட்கவே இல்லை. மற்றவர்கள் யாரென்று அவர்களுக்கே தெரியும்.

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், கூட்டத்துக்கு இடம் தந்த கோயில் கமிட்டியாருக்கும், டிரான்ஸ்பார்மர் மாற்றிக் கொடுத்த மின்வாரியப் பணியாளர்களுக்கும், காலையிலிருந்து அடுப்படியில் நிற்கும் தாய்மார்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு, இணைப்புகளின் பெயர் மாற்றத்தை ஒரே முகாமில் முடிக்க வேண்டும். எந்தச் சட்டம் வந்தாலும் வராவிட்டாலும் அந்த வேலை தேவைப்படும். வாரிசுச் சான்று, பங்காளிகளின் சம்மதக் கடிதம், நில ஆவணம் என்று ஒவ்வொரு இணைப்புக்கும் நான்கைந்து நடை ஆகும். ஒருவரால் ஆகிற காரியம் அல்ல. தெருவுக்கு ஒருவராக ஐந்து பேர் முன்வந்தால் நான் பொறுப்பில் தொடரத் தயார். வராவிட்டால் இந்த நோட்டுப் புத்தகத்தைப் புதிய செயலாளரிடம் ஒப்படைத்துவிட்டு அவருக்கு உதவியாக இருப்பேன்.

நாளை காலை அவை கூடுகிறது. மேடைக்கு இடப்புறம் உள்ள மேசையில் நூறு அஞ்சலட்டைகளை முகவரி எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் பெயர், சர்வீஸ் எண், மோட்டாரின் குதிரைத் திறன் மூன்றையும் எழுதிக் கையெழுத்திட்டுவிட்டுச் சாப்பிடப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன். பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் அதே மேசையில்தான் இருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்