சர்வரை எடைக்குப் போட வேண்டாம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் அலுவலக கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் முறையைக் கொஞ்சம் மாற்றுகிறோம். சில வேலைகள் உங்கள் அலுவலக சர்வரிலேயே இருக்கும், சில வேலைகள் கிளவுடுக்கு, அதாவது இன்டர்நெட் வழியாக இயங்கும் மைக்ரோசாஃப்டின் கம்ப்யூட்டர்களுக்குப் போகும். அடுத்த பில்லில் மைக்ரோசாஃப்ட் லைசென்ஸ் என்று புதிதாக ஒரு வரி இருக்கும். பில்லைப் பார்த்துவிட்டு நீங்கள் கூப்பிட்டுக் கேட்பதற்கு முன்னால் நாங்களே சொல்லிவிடுகிறோம்.

முதலில், நாகர்கோவிலில் இருந்து மார்த்தாண்டம் வரைக்கும் எல்லாரும் கேட்கிற கேள்வி: "எல்லாம் கிளவுடுக்குப் போகுதே, மூலையில் கிடக்கிற சர்வரை எடைக்குப் போட்டுவிடலாமா?" வேண்டாம். அது இருக்கட்டும்.

இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. மழை பிடித்துவிட்டால் எங்கே கேபிள் அறும், எப்போது நெட் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்த பிறகு பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அப்படி ஒரு நேரத்தில் ஜெனரேட்டரைப் போட்டு டேலியைத் திறந்து ஒரு பில் அடிக்க வேண்டுமென்றால், கணக்கு உங்கள் கட்டடத்துக்குள்ளேயே இருந்தால்தான் முடியும். பில்லிங், பொதுவான ஃபைல்கள், வருகைப்பதிவு மெஷின், லேபிள் பிரிண்டர் எல்லாம் சர்வரோடு இருப்பதுதான் சரி. பெரிய சாஃப்ட்வேர்களை நிறுவுவதும் அப்படியே. பல ஜிபி ஃபைலை உள் நெட்வொர்க்கிலேயே அனுப்ப முடிகிறபோது அதை ஏன் வெளியில் இருந்து இழுக்க வேண்டும்?

ஆனால் சர்வருக்கு எட்டாத இடங்களும் இருக்கின்றன. ஏற்றுமதி அலுவலகத்து லேப்டாப் தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்பி வராது. வெளியில் இருந்து அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன் போடாதவரை அந்த லேப்டாப் சர்வரின் கண்ணில் படாது. அப்டேட் போனதா, ஆன்டிவைரஸ் ஓடுகிறதா, எதுவும் எங்களுக்குத் தெரியாது. மாதாந்திர பராமரிப்புக்காக மின்வாரியம் கரண்ட்டை நிறுத்துகிற நாளில் சர்வரும் தூங்கிவிடும். இந்த இடத்தில்தான் இன்ட்யூன் உதவுகிறது. கம்ப்யூட்டர்களை நெட் வழியாகவே பராமரிக்கும் மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவை இது. பில்லில் வரும் புதிய வரி இதற்குத்தான். லேப்டாப் எந்த ஊரில் இருந்தாலும் நெட் கிடைத்தால் போதும், சுமார் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அதுவே கிளவுடைத் தொடர்புகொண்டு தனக்கு வந்திருக்கும் உத்தரவுகளை வாங்கிக்கொள்ளும்.

அப்புறம் என்ன சிக்கல் என்றால், இரண்டு மேஸ்திரி நிற்கிற கட்டட வேலை மாதிரி ஆகிவிடக் கூடாது. ஒரே செட்டிங்கை சர்வரின் குரூப் பாலிசி (எல்லா சிஸ்டத்துக்கும் சர்வர் அனுப்பும் விதிகள்) ஒரு விதமாகவும் இன்ட்யூன் வேறு விதமாகவும் சொன்னால், பொதுவாக குரூப் பாலிசி சொன்னதுதான் நிற்கும். அதை மாற்ற ஒரு வழி இருந்தாலும் எல்லா செட்டிங்குக்கும் அது பொருந்தாது. கிளவுடில் பச்சை டிக் தெரியும், சிஸ்டத்தில் வேறொன்று நடக்கும். அதனால் ஒரு வேலைக்கு ஒரு பொறுப்பாளர் என்று பிரித்துவிடுகிறோம். இதையே மைக்ரோசாஃப்ட் 2017இல் கோ-மேனேஜ்மென்ட் என்ற பெயரில் கொண்டுவந்தது. சர்வர் பக்கம் கம்ப்யூட்டர்களை நிர்வகிக்கும் கான்ஃபிகரேஷன் மேனேஜர் என்ற மைக்ரோசாஃப்ட் சாஃப்ட்வேர், கிளவுட் பக்கம் இன்ட்யூன். அப்டேட், பாதுகாப்பு, சாஃப்ட்வேர் என்று ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக ஒரு ஸ்லைடர். அதை சர்வர் பக்கம் விடலாம், கிளவுடுக்குத் தள்ளலாம், அல்லது நடுவில் நிறுத்தி நாலைந்து சிஸ்டத்தில் மட்டும் முதலில் பார்க்கலாம். அந்த நடு நிலைதான் எங்களுக்கு ரொம்பப் பிடித்தது. ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் மாற்றுகிற வழக்கம் எங்களிடம் இல்லை.

பத்துப் பதினைந்து சிஸ்டம் மட்டும் இருக்கும் அலுவலகங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்கு கான்ஃபிகரேஷன் மேனேஜர் தேவையில்லை. அதற்குத் தனி டேட்டாபேஸ் வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இருக்கிற ஃபைல் சர்வரோடு இன்ட்யூன் சேர்ந்தாலே போதும். வேறு யாராவது வந்து விற்கப் பார்த்தால் வாங்காதீர்கள்.

முதலில் கிளவுடுக்குப் போவது விண்டோஸ் அப்டேட். மைக்ரோசாஃப்ட் மாதாந்திர அப்டேட்டை இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடும், நம் ஊரில் அப்போது இரவு. அந்தச் செவ்வாய் 8ஆம் தேதிக்கும் 14ஆம் தேதிக்கும் இடையில் வரும். மறுநாள் இரண்டு சோதனை சிஸ்டங்களுக்கு மட்டும் போகும். ஐந்து நாள் கழித்து மற்றவற்றுக்கு. அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு 14 நாள் தள்ளி வைக்கிறோம். காரணம் ஜிஎஸ்டி: மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு 11, 20 என்ற இரண்டு தேதிகள்தான் தலைவலி. 14 நாள் தள்ளினால் அப்டேட் எப்போதும் 22க்கும் 28க்கும் நடுவில்தான் விழும். ரிட்டர்ன் போடும்போது சிஸ்டம் ரீஸ்டார்ட் கேட்கிறது என்ற புகார் இனி வராது என்று நம்புகிறோம். நாற்பது சிஸ்டமும் ஒரே நேரத்தில் நெட்டை உறிஞ்சிவிடுமே என்ற பயமும் வேண்டாம். ஒரு சிஸ்டம் இறக்கியதைப் பக்கத்து சிஸ்டங்கள் அதனிடமிருந்தே வாங்கிக்கொள்ளும்படி வைக்கிறோம்.

அடுத்தது பாஸ்வேர்டு. பல அலுவலகங்களில் எல்லா சிஸ்டத்துக்கும் ஒரே அட்மின் பாஸ்வேர்டு, அதுவும் கீபோர்டுக்கு அடியில் செல்லோடேப் போட்டு ஒட்டிய துண்டுச் சீட்டில். வேலையை விட்டுப் போனவர்களுக்கும் அது தெரியும். 2023 ஏப்ரலில் இருந்து விண்டோஸிலேயே இருக்கும் லேப்ஸ் என்ற வசதி, ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் தனி பாஸ்வேர்டு வைத்து, குறித்த நாளில் தானே மாற்றும். அந்தச் சீட்டுகளை நாங்கள் வரும்போது கிழித்துவிடுவோம், கோபிக்க வேண்டாம்.

லேப்டாப்புகளில், டிஸ்க்கில் உள்ளதை மற்றவர்கள் படிக்க முடியாதபடி பூட்டும் பிட்லாக்கர் போடுகிறோம், பூட்டைத் திறக்கும் மீட்புச் சாவி கிளவுடில் இருக்கும். திருவனந்தபுரம் பஸ்ஸில் லேப்டாப்பை விட்டுவிட்டால் இங்கிருந்தே அதில் உள்ளதை அழிக்கலாம். ஆனால் அந்த உத்தரவு, லேப்டாப் நெட்டில் வந்தால்தான் போய்ச் சேரும். அதுவரை காப்பது பிட்லாக்கர்தான்.

ஊழியர்கள் கேட்பது வேறு: "என் சொந்த போனில் இதைப் போட்டால் நீங்கள் எல்லாவற்றையும் பார்ப்பீர்களா?" போட்டோ, மெசேஜ், கால் விவரம், எந்தத் தளத்துக்குப் போனார்கள் என்பது எதுவும் இன்ட்யூனில் எங்களுக்குத் தெரியாது. போனின் மாடல், எந்த வெர்ஷன் போன்றவைதான் தெரியும். இதை ஊழியர்களிடம் நீங்களே சொன்னால் நம்புவார்கள்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் கவனிக்க: 2025 அக்டோபர் 14உடன் அதன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. நிறுவனங்கள் பணம் கட்டி அதிகபட்சம் மூன்று ஆண்டு நீட்டிக்கலாம், ஆனால் கட்டணம் ஆண்டுதோறும் இரட்டிப்பாகும். விண்டோஸ் 11க்குத் தேவையான டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாத பழைய சிஸ்டத்துக்கு அந்தப் பணத்தைப் போடுவது வீண்.

உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். சர்வரை இரவில் அணைக்காதீர்கள். "வேலை அல்லது பள்ளிக் கணக்கு" என்று திரையில் வந்தால் துண்டிக்காமல் எங்களைக் கேளுங்கள். லாகின் கோடு கேட்டு எங்கள் பெயரில் யார் கூப்பிட்டாலும் சொல்லாதீர்கள், நாங்கள் கேட்கவே மாட்டோம். அக்கவுண்ட்ஸ் பிரிவில் எந்தெந்த சிஸ்டம் என்று ஒரு பட்டியல் எழுதி, எங்கள் பையன் அடுத்த முறை வரும்போது கொடுத்தனுப்புங்கள். அது கையில் வந்த பிறகுதான் உங்கள் அலுவலகத்தில் வேலையைத் தொடங்குவோம்.

இப்படிக்கு,
உங்கள் கம்ப்யூட்டர் பராமரிப்பு நிலையம்,
நாகர்கோவில்