அப்பாவின் மஞ்சப்பை

ஓட்டேரி,
மே 18

அன்புள்ள மல்லி,

மூன்று மாதமாக நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எதற்கும் ஒரு 'ம்' கூடச் சொல்லவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். பிள்ளைகள் நலம். ஸ்டெல்லா அப்படியேதான் இருக்கிறாள், அதே டிபன் பாக்ஸ், அதே சண்டை. மஸ்கட் வெயிலைப் பற்றி மட்டும் பெருமை பேசாதே, இங்கே கத்திரி நடக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு ராத்திரி மூன்று மணிக்கு அப்பா கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பட்டனைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார். "பின்னி மில்லுக்கு நேரமாச்சு" என்றார். மில்லை மூடியே எத்தனை வருஷம்! தொட்டால் முதுகெல்லாம் வியர்வை. விரலைக் குத்திப் பார்த்தேன், சுகர் 46-க்கு இறங்கியிருந்தது. நல்லவேளை, விழுங்க முடிந்தது. தண்ணீரில் மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தேன். 15 நிமிஷம் கழித்து 82. அப்பாடா என்று சாய்ந்தால், ஐந்து மணிக்கு மறுபடி 58. ஆட்டோ பிடித்து ஓடினோம். இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

வீட்டுக்கு வந்து அவருடைய மஞ்சப்பையைப் பாயில் கொட்டியபோதுதான் எனக்குப் புரிந்தது. 14 அட்டை, மல்லி. சுகருக்கு ஒரு டாக்டர், இதயத்துக்கு ஒருவர், கிட்னிக்கு ஒருவர், முட்டிவலிக்கு மருந்துக்கடைத் தம்பி. கிட்னி டாக்டர் க்ளைபென்க்ளமைடு என்ற பழைய சுகர் மாத்திரைக்குப் பதிலாக லினாக்ளிப்டின் என்ற வேறு சுகர் மாத்திரையை எழுதியிருக்கிறார். 'பதிலாக' என்பது அப்பா காதில் விழவில்லை, இரண்டையும் போட்டிருக்கிறார். கிட்னி சோர்ந்தவர்களுக்கு அந்தப் பழைய மாத்திரை உடம்பிலேயே தங்கிச் சுகரை இறக்கிக்கொண்டே இருக்கும். நர்சிங்கில் நாம் படித்ததுதானே! இன்னும் கேள். இரண்டு அட்டையில் பெயர் வேறு, நிறம் வேறு, உள்ளே இருப்பது ஒரே பிரஷர் மருந்து, அம்லோடிபின். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. முட்டிக்கு டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை, கிட்னிக்கும் ஆகாது, இதயத்துக்கும் ஆகாது. கால் வீங்காமல் என்ன செய்யும்?

அந்த வீக்கத்தை நான் பார்க்கவில்லை என்பதுதான் மனதைப் போட்டு அறுக்கிறது. மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர் மாத்திரை கொண்டு வருகிற பொண்ணு இரண்டு வாரம் முன்பே சொன்னாள்: "அக்கா, தாத்தா காலை அழுத்தினா குழி விழுதே, பாத்தீங்களா?" டியூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில், "வயசாச்சும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். 22 வருஷ சர்வீஸ். வார்டில் யார் காலை அழுத்தினாலும் குழி எத்தனை விநாடியில் மேலே வருகிறது என்று எண்ணுகிறவள் நான்.

யாரையும் குறை சொல்லத் தோன்றவில்லை. ஒவ்வொரு டாக்டரும் அவரவர் ஃபைலில் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் ஃபைல் மூன்று, ஆள் ஒருத்தர். எல்லா அட்டையையும் ஒரே பாயில் பரப்பிப் பார்க்கிற வேலை நம்முடையது. அதை நாம் செய்வதில்லை.

அப்புறம் கிண்டியில் 2024-ல் திறந்தார்களே, முதியோர் நல மருத்துவமனை, அங்கே கூட்டிப்போனேன். டாக்டர் பையை அப்படியே வாங்கி, ஒவ்வொரு அட்டையாகப் பார்த்து, 14-ஐ 8 ஆக்கினார்.

இப்போது தினமும் காலையில் பாத்ரூம் போய்வந்து, காப்பிக்கு முன்னால் எடை பார்க்கிறோம். அப்பாவே காலண்டர் கட்டத்தில் குறிக்கிறார், மில்லில் வருகை குறித்த அதே கையெழுத்து. மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் நீர் கோக்கிறது என்று அர்த்தம், உடனே போன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாளைக்குக் குடிக்க ஒன்றரை லிட்டர், பாட்டிலில் அளந்து வைத்துவிடுகிறேன். இளநீர்தான் பெரிய சிக்கல். எதிர்வீட்டு அத்தை வெயிலுக்கு நல்லது என்று வெட்டிக்கொண்டு வருகிறார். பொட்டாசியம், இவர் கிட்னிக்கு ஆகாது என்றால் முகம் சுண்டிப்போகிறது. இப்போது இளநீரை நான் குடிக்கிறேன், அத்தை அப்பாவோடு தாயம் ஆடுகிறார்.

வார்டிலும் ஆரம்பித்துவிட்டேன். டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள், வீட்டிலிருக்கும் மாத்திரை எல்லாவற்றையும் பையோடு கொண்டு வரச் சொல்கிறேன். இதற்கெல்லாம் நேரம் எங்கே என்கிறார்கள். ஒரு ஆளுக்குப் பத்து நிமிஷம். போன செவ்வாய்க்கிழமை ஒரு பாட்டியின் மருமகள் இன்சுலினை ஃப்ரீசரில் வைத்திருந்தது தெரிந்தது. உறைந்து கெட்டுப்போன இன்சுலினைக் குத்திக் குத்தி, சுகர் ஏன் இறங்கவில்லை என்று மூன்று தடவை டோஸைக் கூட்டியிருக்கிறார்கள். அந்தப் பொண்ணு அழுதுவிட்டாள். உட்கார வைத்து ஃப்ரிட்ஜில் எந்தத் தட்டு என்று படம் போட்டுக் காட்டி அனுப்பினேன்.

ஏன் இவ்வளவு எழுதுகிறேன் தெரிகிறதா? நாகர்கோவிலில் உன் அம்மா தனியாக இருக்கிறார். சுகர், பிரஷர், போன வருஷம் ஸ்டென்ட். ஜூனில் லீவுக்கு வருகிறாய் அல்லவா, முதல் நாளே அவர் பையைப் பாயில் கொட்டு. முட்டிக்கு என்ன போடுகிறார் என்று தனியாகக் கேள், வலி மாத்திரையை அவர்கள் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. எல்லா அட்டையையும் பின்பக்கம் திருப்பி, மருந்துப் பெயர் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து அனுப்பு. ராத்திரி டியூட்டியாக இருந்தாலும் பார்த்துவிடுகிறேன்.

உன்
சாந்தி