வீதி அகலிப்பு: கருத்துக் கடிதம்

எல்லோருக்கும் வணக்கம். வீதியை அகலமாக்குவதை நாம் எதிர்க்கவில்லை. காலையில் பஸ்ஸில் தொங்குவதும் நாம்தானே. ஆனால் ஓரத்துச் சதுப்பை மண் போட்டு நிரப்பினால் அடுத்த மழைக்கு வெள்ளம் நம் வாசலில். ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ் 2018இல் கொழும்பு ஈரநில நகரமானதே இந்தச் சதுப்புகளால்தான்.

சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பார்வைக்கு வைக்கப்பட்டால், அறிவித்தல் வந்து 30 நாட்களுக்குள் எவரும் கருத்து அனுப்பலாம். தமிழிலேயே எழுதுங்கள். கேட்க வேண்டியவை: தாழ்வான இடத்தில் மண்ணணைக்குப் பதில் தூண்கள்; வீதிக்கு அடியில் தண்ணீர் போக அகலமான மதகுகள், அவற்றின் உள்ளே தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஓர் உலர்ந்த திட்டு. சதுப்பில் மீன் பிடித்து வாழும் காட்டு விலங்குகளான மீன்பிடிப் பூனைகள் இரவில் கடக்க அது போதும். இல்லாவிட்டால் வீதிக்கு ஏறி லொறியில் அடிபடும்.

மதகுப் படங்கள் இருந்தால் இன்றிரவுக்குள் இந்தக் குழுவில் போடுங்கள். காலை வணக்கப் படங்கள் அப்புறம், சரியா?