'தவறி விழுந்தார்' என்று எழுதுமுன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பல்லடத்திலோ பெருந்துறையிலோ கட்டட வேலையில் ஒருவர் இறந்துபோனால் நாளிதழில் நாலு வரி வருகிறது. ஊர், வயது, மாநிலம் எல்லாம் மாறும். 'நிலைதடுமாறித் தவறி விழுந்தார்' என்பது மட்டும் மாறாது. மறுநாள் டீக்கடையில் அதற்குப் பொழிப்புரை: "சேஃப்டி பெல்ட்டு குடுத்தாலும் போடறதில்லைங்க, எல்லாம் அலட்சியம்." அலட்சியம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது எந்த வேலையில், யாரைப் பார்த்து, எதற்காக வருகிறது என்று யாரும் கேட்பதில்லை.

நம் பக்கத்தில் அடுக்குமாடிகளைவிட எனக்குப் பயம் தருபவை தறி ஷெட், கோழிப்பண்ணை, பழைய பனியன் கம்பெனிக் கூரைகள். வெயிலிலும் மழையிலும் பல வருடம் கிடந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பார்வைக்கு முழுசாகத்தான் இருக்கும், மிதித்தால் அப்பளம். அதற்கு அடியில் ஏறத்தாழ நாலரை அடிக்கு ஒரு பர்லின், அதாவது ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம், ஓடுகிறது. ஷீட்டின் மேல் போல்ட் தலைகள் வரிசையாகத் தெரியும் கோடுதான் பர்லின். கால் அந்தக் கோட்டில்தான் விழ வேண்டும் என்பது இந்த வேலை செய்பவர் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்தான் விழுகிறார். ஒரு கையில் டிரில் மிஷினும் மறு கையில் ஒயரும் இருக்கும்போது கால் அரை அடி தள்ளி விழ எவ்வளவு நேரம் ஆகும்? வெளிச்சத்துக்காக நடுவில் போட்ட ஃபைபர் ஷீட் இன்னும் மோசம். பஞ்சும் தூசியும் படிந்து அதுவும் சாம்பல் நிறமாகிவிட்டால் மேலே நிற்பவருக்கு வித்தியாசமே தெரியாது.

இதற்கு வழி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. குறைந்தது மூன்று பர்லின் மேல் உட்காரும்படி 10 அடிப் பலகை இரண்டு. வழுக்காமல் இருக்கக் குறுக்கே ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்திருக்க வேண்டும். மேல்முனையை முகட்டோடு கயிறு போட்டுக் கட்ட வேண்டும். ஒன்றில் நின்றுகொண்டு மற்றதை நகர்த்திப் போகலாம். ஆனால் இரண்டு ஷீட் மாற்ற இருபது நிமிடம் ஆகும் என்றால், பலகையை ஏற்றிக் கட்டி இறக்க முக்கால் மணி நேரம் ஆகிறது. "ரெண்டு ஷீட்டுக்குப் போயி பலகையாங்க?" என்று கேட்பவரைச் சோம்பேறி என்று திட்டிப் பயனில்லை. அவருக்குக் கூலி பேசியது ஷீட்டுக்கு இவ்வளவு என்று. பலகைக்கு யாரும் பேசவில்லை. அந்த முக்கால் மணி நேரத்தையும் கூலிக்கணக்கில் எழுதிவிடுங்கள், அந்தக் கேள்வி அவ்வளவாக வராது.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உடுமலை, பல்லடம் பக்கம் எப்படி அடிக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 16 அடி கலர் ஷீட்டை (வண்ணம் பூசிய தகரக் கூரைத் தகட்டை) ஒருவர் தனியாகத் தலைக்கு மேல் தூக்கினால் அது அவரைத் தூக்கிக்கொண்டு போகும். அந்த மாதங்களில் காற்று கிளம்பு முன்பே காலையில் ஷீட்டை ஏற்றி முடித்துவிட வேண்டும். "இன்னிக்கே முடிச்சுக் குடுத்தர்றமுங்க" என்ற வாக்கு இங்கே ஆபத்தானது.

பெல்ட் விஷயத்துக்கு வருகிறேன். பெல்ட் போட்டவரெல்லாம் கொக்கி மாட்டியவர் அல்லர். பல சைட்டுகளில் கொக்கி இடுப்பில் சாவிக்கொத்து மாதிரி தொங்கிக்கொண்டுதான் இருக்கும். மாட்டினாலும் எங்கே மாட்டுகிறார் என்று பாருங்கள். பெல்ட்டையும் கொக்கியையும் இணைக்கும் கயிறு 6 அடி. அதைக் காலடியில் உள்ள சாரக் கம்பில் மாட்டியவர் விழுந்தால், கயிறு இறுகும்போது பெல்ட்டின் முதுகு வளையம் அந்தக் கம்புக்கு 6 அடி கீழே இருக்கும். வளையத்திலிருந்து பாதம் வரை இன்னும் நாலரை அடி. ஆக, 10 அடி உயரத்தில் நின்றவர் கயிறு இறுகும் முன்பே தரையில். தலைக்கு மேல் மாட்டியிருந்தால் மூன்று நாலு அடியில் கயிறு பிடித்துவிடும். ஆனால் தலைக்கு மேல் மாட்ட ஒரு கம்பியோ பைப்போ இருக்க வேண்டுமே! அதைக் கட்டிக் கொடுக்காமல் பெல்ட்டை மட்டும் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது போலீஸ் கேஸுக்குத்தான் உதவும்.

சென்ட்ரிங், அதாவது கான்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கும் தட்டும் முட்டும், பிரிப்பதில் தொழிலாளியைச் சொல்லவே கூடாது. அங்கே முடிவு மேஸ்திரி கையில். 1000 சதுர அடிக்கு 5 அங்குலத் தளம் என்றால் கான்கிரீட் மட்டும் ஏறத்தாழ 29 டன். 15 அடி வரை அகலமுள்ள அறைக்கு முட்டுகள் 7 நாளும் அதற்கு மேல் 14 நாளும் நிற்க வேண்டும். பீமுக்கு 20 அடி வரை 14, அதற்கு மேல் 21. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 சொல்லும் கணக்கு இது. சாம்பல் கலந்த பிபிசி சிமென்ட் என்றால் இன்னும் தள்ளிப்போட வேண்டும். ஆனால் சென்ட்ரிங் ஷீட்டுக்கும் முட்டு ஜாக்கிக்கும் தினமும் வாடகை ஓடுகிறது, அடுத்த சைட்டில் ஆள் காத்திருக்கிறார். அஞ்சாம் நாளே முட்டுகளைத் தட்டி எடுக்கச் சொல்கிறவரிடம் மறுத்துப் பேசும் சித்தாளுக்கு மறுநாள் வேலை இருக்குமா?

கடக்கால் (அஸ்திவாரம்) தோண்டும் இடத்தில் தவறு வேறு மாதிரி. திரும்ப மூடச் சுலபம் என்று மண்ணைக் கரையிலேயே குவிக்கிறார்கள். கரையிலிருந்து குறைந்தது 5 அடி தள்ளிக் கொட்ட வேண்டும். குழி 5 அடிக்கு மேல் ஆழமானால் பலகை வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். கரிசல் மண்ணில் மழைக்கு அடுத்த நாள் கரையில் நீளவாக்கில் வெடிப்பு தெரிந்தால் உள்ளே யாரும் இறங்கக் கூடாது. நிழலுக்காகக் குழிக்குள் உட்கார்ந்து சோறு தின்பதும் கூடாது.

மின்சாரம் பற்றி ஒரு வரி: பிளக் இல்லாமல் ஒயர் முனையைச் சாக்கெட்டில் செருகித் தீக்குச்சி வைத்து இறுக்கும் பழக்கத்தை விட முடியாதவர்களுக்காகவாவது 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று போர்டில் இருக்கட்டும்.

பாதுகாப்புக் குழுவும் பாதுகாப்பு அலுவலரும் கட்டாயம் என்று 1996ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டம் சொன்னது 500 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களுக்குத்தான். நம் ஊர் சைட்டுகளில் 15, 20 பேர். அங்கே சட்டம், அலுவலர், குழு எல்லாமே மேஸ்திரிதான். அவர் ஹெல்மெட் பைக் கண்ணாடியில் தொங்கினால், மற்றவர்கள் ஹெல்மெட்டில் ஜல்லி அள்ளுவார்கள். ஹெல்மெட் போடாதவருக்கு 100 ரூபாய் பிடிக்கிற முறையிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. பிடிக்க ஆரம்பித்தால் பயத்தில் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள், மூன்றாம் மாடியிலிருந்து செங்கல் விழுந்து யார் மேலும் படாமல் போன சேதி வெளியே வராது. நமக்கு வேண்டியதே அந்தச் சேதிதான்.

ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த ஆட்களிடம் தமிழில் பத்து நிமிடம் பேசிவிட்டு "புரிஞ்சுதா?" என்றால் தலையாட்டத்தான் செய்வார்கள். கொக்கியைக் கையில் கொடுத்து, எங்கே மாட்டுவாய் காட்டு என்று கேட்க வேண்டும். காட்டியபிறகே சாரத்தில் ஏற்ற வேண்டும்.

உங்கள் நிருபர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை 'தவறி விழுந்தார்' என்று எழுதுமுன், எத்தனை அடி உயரம், காலடியில் என்ன இருந்தது, கொக்கி மாட்ட இடம் இருந்ததா, கூலி நாள் கணக்கா சதுர அடிக் கணக்கா என்று கேட்டு அதையும் சேர்த்துப் போடுங்கள். அதே நாலு வரிக்குள் அடங்கும்.

இப்படிக்கு,
கட்டடப் பொறியாளர் ஒருவர்,
பல்லடம்.