தாழையைப் பிடுங்கவா மருந்து?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் கடற்புல்லின் மருத்துவக் குணங்கள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். எங்கள் கரைச் சங்கதி அச்சில் வந்ததில் சந்தோஷம்தான். ஆனால் போட்டிருந்த படம் கடற்பாசி! பாசிக்கு வேரும் இல்லை, பூவும் இல்லை. நாங்கள் தாழை என்று சொல்லும் கடற்புல், சேற்றில் வேர்விட்டுக் கடலிலேயே பூத்துக் காய்க்கிற செடி. பட்டை பட்டையாக நீளமாய் வளரும் ஒரு வகையின் காயை உடைத்து, விதையைச் சிறுவயதில் தின்றிருக்கிறோம்.

ரோஸ்மரினிக், சிக்கோரிக், சோஸ்டெரிக் அமிலங்கள் என்று கட்டுரை பட்டியலிட்ட மருந்துப் பொருள்கள் கடற்புல்லில் இருப்பது உண்மை. ஆனால் அதற்காகக் கடலுக்குள் இறங்க வேண்டுமா? ரோஸ்மரினிக் அமிலம் வீட்டு முற்றத்துத் துளசியிலேயே இருக்கிறது. காபியில் வேரை வறுத்துக் கலக்கிறோமே சிக்கரி, அதன் இலையில் முதலில் கண்டதால்தான் சிக்கோரிக் அமிலத்துக்கு அந்தப் பெயரே வந்தது. இலையில் கிருமியும் சிப்பியும் ஒட்டாமல் தடுக்கும் சோஸ்டெரிக் அமிலமோ, நம் கடலில் வளராத ஒரு குளிர்கடல் புல்லில் கண்டெடுத்தது. அதையும் ஆய்வகத்திலேயே செய்துவிடுகிறார்கள். மற்றபடி, இவற்றில் பெரும்பாலானவை இன்னும் சோதனைக்குழாயைத் தாண்டவில்லை என்பதையும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

எனக்குப் பயம் தந்தது, கடைசிப் பத்தியில் வந்த "கடலோர மக்களுக்குப் புதிய வருமானம்" என்ற வரி. கடல் அட்டைக்கு வெளிநாட்டில் விலை கூடியதும் இந்தப் பக்கம் அள்ளிய அள்ளு கொஞ்சமல்ல. 2001-இல் மொத்தமாகத் தடை போட வேண்டியதாயிற்று. அட்டையாவது தனித்தனியாய்க் கிடக்கும். தாழையை வேரோடு பிடுங்கினால் அடிச்சேறு கலங்கிப் பக்கத்துப் புல்லுக்கும் வெயில் போகாது. இறால் குஞ்சும் நண்டும் ஒதுங்குகிற இடம் அது. ஆவுளியாவுக்கு, அதாவது கடல் பசுவுக்கு, அதுதான் சாப்பாடு. ஒரு நாளைக்கு 30, 40 கிலோ மேயும். அதற்காகத்தானே 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தார்கள்? ஏற்கெனவே விசைப்படகு கடலடியில் இழுத்துப்போகும் இழுவைமடி வலை உழுது போட்டது போதாதா?

ஆராய்ச்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. கரீபியக் கடலோரத்தில் கரையொதுங்கிய ஒரு கடற்புல்லின் சருகிலிருந்தே சிக்கோரிக் அமிலத்தைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். அந்தப் புல்லின் உறவு, ஊசி மாதிரி உருண்டை இலை கொண்டது, நம் கடலிலும் உண்டு. ஆய்வுக்குச் சருகு கொஞ்சம் எடுத்துப் போகட்டும். எல்லாவற்றையும் வாரிவிடக் கூடாது, கரை மணலைப் பிடித்துவைப்பதில் சருகுக்கும் பங்கு உண்டு.

அடுத்த முறை படம் வேண்டுமென்றால் வாடைக்காற்று நேரத்தில் ஆளை அனுப்புங்கள். விடிகாலையில் கரையில் பெண்கள் வலையை உதறிக்கொண்டிருப்பார்கள். மீனைவிடத் தாழைதான் அதிகம் விழும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
சேதுபாவாசத்திரம்