இடுப்பில் இருப்பது இடுப்பிலேயே இருக்கட்டும்

வட டெக்சாஸில் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் தமிழர்களின் வட்டாரச் சந்திப்பை ஏற்பாடு செய்யும் நண்பர்களுக்கு,

வணக்கம். ஃப்ரிஸ்கோ, பிளானோ, இர்விங் ஆட்களோடு ஆஸ்டின், ஓக்லஹோமாவில் இருப்பவர்களையும் வரவழைத்து ஒரு சனிக்கிழமை கூடலாம் என்ற உங்கள் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. தனியாக ரேஞ்சுக்கு, அதாவது துப்பாக்கி சுடும் பயிற்சிக் களத்துக்கு, போய்ச் சுட்டுவிட்டு, அதைப் பற்றிப் பேச ஆளில்லாமல் வீடு திரும்புகிறவர்கள் நம்மில் நிறைய. ஊரில் அம்மாவுக்குத் தெரிந்தால் அன்று இரவே போன் வரும். நேரில் பார்த்துப் பேச ஆசைப்படுவது நியாயம்தான்.

ஆனால் திட்டத்தில் ஒரு வரி உறுத்துகிறது. சாப்பாடு முடிந்ததும் ஒவ்வொருவரும் தங்கள் துப்பாக்கியை வெளியே எடுத்துக் காட்டி, கைமாற்றிப் பார்க்கலாம் என்று போட்டிருக்கிறீர்கள். அந்த வரியை அடித்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

2013 ஜனவரி 19 அன்று துப்பாக்கி ஆர்வலர்கள் நாடு முழுக்க ஒரு கொண்டாட்ட நாள் அறிவித்திருந்தார்கள். அதே நாளில் மூன்று மாநிலங்களின் துப்பாக்கிக் கண்காட்சிகளில் ஐந்து பேர் தவறுதலாகக் குண்டடி பட்டார்கள். வட கரோலினாவின் ராலேயில், வாசலில் சோதனைக்காக ஷாட்கன் பையைத் திறந்தபோது வெடித்தது. ஒஹாயோவில் ஒரு வியாபாரி, வாங்கிய கைத்துப்பாக்கியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது வெடித்தது. இண்டியானாபோலிஸில் ஒருவர் கண்காட்சி முடிந்து வெளியே வந்து, தன் துப்பாக்கியில் குண்டு போடும்போது தன் கையையே சுட்டுக்கொண்டார். மூன்று இடத்திலும் துப்பாக்கி யாராவது ஒருவர் கையில் புரண்டுகொண்டிருந்தது. நல்ல உறையில் விசை மூடிக் கிடக்கும் துப்பாக்கி தானாக வெடிப்பது மிக அபூர்வம். எடுப்பது, காட்டுவது, திரும்பச் செருகுவது, இந்த மூன்றில்தான் ஆபத்து. துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் தேசிய ரைபிள் சங்கத்தின் ஆண்டு மாநாட்டில்கூட, காட்சிக்கு வைக்கும் துப்பாக்கிகளில் குண்டை வெடிக்கவைக்கும் ஊசியான ஃபயரிங் பின்னைக் கழற்றிவிட்டுத்தான் வைக்கிறார்கள். நாம் இருபது பேர் பிரியாணி சாப்பிட்ட கையோடு அதைவிடப் பத்திரமாக இருந்துவிடுவோம் என்று நினைக்க எனக்குத் தைரியமில்லை.

அடுத்தது, நம் ஆட்களுக்கே உரிய சிக்கல். வருகிறவர்களில் எத்தனை பேர் எச்-1பி, எச்-4, மாணவர் விசாவில் இருக்கிறார்கள் என்று யோசித்தீர்களா? கிரீன் கார்டு வந்தவருக்கும் குடியுரிமை பெற்றவருக்கும் இந்தத் தடை இல்லை. ஆனால் குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். 2022 ஜூனில் இதற்கான உச்ச தண்டனையைப் பத்து ஆண்டிலிருந்து 15 ஆண்டாக உயர்த்தினார்கள். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருந்தால் விலக்கு உண்டு. அதனால்தான் சில ரேஞ்சுகளில் விசாக்காரர்களிடம் முதலில் அந்த லைசென்ஸைக் கேட்கிறார்கள். 'வைத்திருப்பது' என்றால் சொந்தமாக வாங்குவது மட்டும்தான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கையில் வாங்கி இரண்டு குண்டு சுட்டுப் பார்ப்பதும் அதில் அடங்கலாம். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்தலும் சேர்ந்து வரும். "சும்மா பிடிச்சுப் பாருங்க மச்சான்" என்று நீட்டுகிறவருக்கும், எதிராளியின் விசா தெரிந்திருந்தால், தலைவலிதான். பத்து வருடமாகக் கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் ஒருவருக்கு நம் சந்திப்பால் இப்படியொரு வம்பு வரக் கூடாது. அழைப்பிலேயே இதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். யாருடைய விசாவையும் வாசலில் நின்று கேட்க வேண்டாம், அவரவருக்குத் தெரிந்தால் போதும்.

இடத்துக்கு வருகிறேன். உணவகத்தில் வேண்டாம் என்பது என் கருத்து. இங்கே 2021 செப்டம்பர் 1 முதல், தகுதியுள்ள வயது வந்தவர் லைசென்ஸ் இல்லாமலும் கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போகலாம். அதனாலேயே எங்கும் போகலாம் என்ற நினைப்பு பலருக்கு வந்துவிட்டது. மது விற்பனையே பாதிக்கு மேல் வருமானமாக உள்ள கடையில் சிவப்பு எழுத்தில் 51% பலகை தொங்கும். லைசென்ஸ் இருந்தாலும் அங்கே கூடாது. மறைத்தோ வெளியே தெரியும்படியோ துப்பாக்கி கொண்டுவரக் கூடாது என்று சொல்லும் 30.06, 30.07 பலகைகள் (டெக்சாஸ் சட்டப் பிரிவுகளின் எண்கள்) வைத்த கடை என்றால் லைசென்ஸ்காரரும் வெளியே நிற்க வேண்டியதுதான். அப்படி ஒரு பலகையை வாசலில் பார்த்ததும் இருபது பேரும் காருக்குத் திரும்பி, இருக்கையில் உட்கார்ந்தபடியே துப்பாக்கியைக் கழற்றி வைத்தால் என்ன ஆகும்? இண்டியானாபோலிஸ் கதைக்கு இடம் கொடுத்தது போல் ஆகும். கார் கண்ணாடியை உடைக்கிறவர்களுக்கும் நல்ல வேட்டை.

பள்ளிக்கூடம் இன்னொன்று. பள்ளி வளாகத்திலிருந்து 1000 அடிக்குள் பொது இடத்தில் துப்பாக்கி கூடாது என்கிறது கூட்டாட்சிச் சட்டம். டெக்சாஸ் லைசென்ஸ் உள்ளவருக்கு டெக்சாஸில் விலக்கு உண்டு. லைசென்ஸ் எடுக்காதவருக்கு இல்லை. ஓக்லஹோமா லைசென்ஸோடு வரும் நண்பருக்கும் அந்த விலக்கு கிடையாது. ஃப்ரிஸ்கோவில் பள்ளிக்கூடம் இல்லாத தெருவைத் தேடிப் பாருங்கள்! அதனால் நீங்கள் சொன்ன பூங்கா யோசனையும் வேண்டாம். கோவில் கேன்டீனில் வைக்கலாம் என்று யாராவது நிச்சயம் ஆரம்பிப்பார்கள். அவர்களைப் பேச விடாதீர்கள்.

கடைகளில் கூடிய கதை எப்படி முடிந்தது என்பதும் நமக்குத் தெரியும். 2010 வாக்கில் கலிஃபோர்னியாவில் ஆர்வலர்கள் குண்டில்லாத துப்பாக்கியை வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு காப்பிக் கடைகளில் சந்தித்தார்கள். அப்போது அது சட்டப்படி சரி. 2011 அக்டோபரில் அதையே தடை செய்து சட்டம் வந்துவிட்டது. 2013 செப்டம்பரில் ஸ்டார்பக்ஸ் தலைவர் ஹோவர்ட் ஷுல்ட்ஸ், தயவுசெய்து எங்கள் கடைக்குத் துப்பாக்கியோடு வராதீர்கள் என்று வாடிக்கையாளர்களுக்குத் திறந்த மடலே எழுதினார். 2014இல் டாலஸில் சிலர் ரைஃபிளோடு சிப்போட்லே உணவகத்துக்குள் போனார்கள். அந்த நிறுவனமும் அதே வேண்டுகோளை விடுத்தது. தேசிய ரைபிள் சங்கமே முதலில் அவர்களைக் கடிந்துகொண்டு, பிறகு பின்வாங்கியது. உரிமை இருந்தது, சரி. அதைக் காட்டப் போய் யார் மனதை ஜெயித்தார்கள்?

இவ்வளவு சொல்லிவிட்டு மாற்று சொல்லாமல் போனால் சரியில்லை. ஆட்களும், சுடும் இடத்தில் பாதுகாப்பைக் கவனிக்கும் ரேஞ்ச் ஆபீசரும் உள்ள ஒரு தனியார் ரேஞ்சைக் காலை மட்டும் முழுதாக எடுத்துக்கொள்வோம். சுடும் வரிசையில் தவிர வேறெங்கும் துப்பாக்கி உறையைவிட்டு வெளியே வரக் கூடாது. லைசென்ஸ் தேர்வின் 50 குண்டுப் பயிற்சியையே எல்லோரும் சுடலாம்: 3, 7, 15 கெஜத்தில், 250க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. பழைய கைகள் எத்தனை பேர் 15 கெஜத்தில் திணறுகிறார்கள் என்று பார்ப்பதே ஒரு வேடிக்கை. பிறகு ஒரு மணி நேரம் ரத்தப்போக்கை நிறுத்தும் முதலுதவி, டூர்னிக்கெட் எனும் இறுக்குப் பட்டையைக் கட்டுவது உட்பட. நம்மில் பெரும்பாலோர் துப்பாக்கிக்குச் செலவழித்ததில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குச் செலவழித்ததில்லை.

உறைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசை எனக்கும் இருக்கிறது. முன்பக்கம் செருகுவதா, இடுப்புக்குப் பின்னாலா, பொங்கல் விழாவுக்கு வேட்டி கட்டினால் என்ன செய்வது என்று நாள் முழுக்கப் பேசலாம். அதற்குச் சுட முடியாத, பயிற்சிக்கான நீல நிற ரப்பர் துப்பாக்கிகள் போதும். என்னிடம் இரண்டு இருக்கின்றன, கொண்டு வருகிறேன். பீர் வேண்டும் என்கிறவர்கள் துப்பாக்கியை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு இரவு தனியாகக் கூடட்டும்.

திட்டத்தை இப்படி மாற்றுவதாக இருந்தால் ரேஞ்சை முன்பதிவு செய்யும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். மேசைமேல் வைத்துக் காட்டும் பகுதி இருந்தே ஆக வேண்டும் என்றால் என்னை எதிர்பார்க்காதீர்கள்.

அன்புடன்,
பிளானோவிலிருந்து உங்களில் ஒருவன்