தீத்தடுப்புக் கோடு அமைக்கவும் குடிநீர்க் குழாயை மண்ணில் பதிக்கவும் கோரும் மனு

அனுப்புநர்:
மலையடிவாரக் குடியிருப்பு ஊர்ப் பொதுமக்கள்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட வன அலுவலர் அவர்கள்.

பொருள்: கோடைக்கு முன்பே தீத்தடுப்புக் கோடு (தீ தாண்டாதபடி புல்லை வெட்டி அகற்றிய வெற்றுப் பட்டை) அமைக்கவும், சுனைக் குழாயை மண்ணுக்குள் பதிக்க அனுமதி வழங்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து முன்பு அளித்த எங்கள் மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட மனுக்களுக்கு இதுவரை பதில் வராததால், தங்கள் மேலான கவனத்திற்கு மீண்டும் பணிவுடன் சமர்ப்பிக்கிறோம். ஊருக்கு மேலே சுனை வரை செல்லும் புல் சரிவைத் தாங்கள் நேரில் அறிவீர்கள்.

1. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த ஆண்டில் அச்சரிவில் போதைப்புல் ஆள் உயரம் வளர்கிறது. தை மாதம் பனியிலும் வெயிலிலும் காய்ந்து, மாசியில் கையில் கசக்கினாலே நொறுங்குகிறது. ஆகவே நல்ல மழைக்கு அடுத்த கோடையில் மழை தவறினால்தான் தீ வெகுதூரம் பரவுகிறது.

2. பகலில் காற்று பள்ளத்திலிருந்து மேலே ஏறுகிறது. தீயும் அதனுடன் ஏறி, மேலுள்ள புல்லைத் தொடுமுன்பே சூடாக்கி உலர்த்திவிடுகிறது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழக்கக் காரணமான தீயும் காய்ந்த புல்லும் காற்றும் செங்குத்துச் சரிவும் சேர்ந்த இடத்தில்தான் பரவியது.

3. சோலைக் காட்டுக்குள் ஈரம் இருப்பதால் தீ பெரும்பாலும் அதன் விளிம்பில் அடங்கும். ஆனால் எரிந்த விளிம்பில் மரக்கன்று எழுமுன் உண்ணிச்செடி புதராக மண்டிவிடுவதால், அடுத்த தீ அதைப் பற்றிக்கொண்டு மரக்கிளை வரை ஏறுகிறது.

4. எங்களை எல்லாவற்றிலும் அதிகம் வருத்துவது குடிநீர். சுனையிலிருந்து ஊர்த் தொட்டி வரை வரும் கருப்பு ஓஸ் குழாய் அந்தப் புல்லுக்குள் தரைமேல்தான் கிடக்கிறது. தீ கடந்து போனதும் குழாய் இருந்த இடத்தில் கல்லோடு ஒட்டிய கரிய பிசின் மட்டுமே மிஞ்சுகிறது. ஊரார் பணம் திரட்டிப் புதுக் குழாய் வாங்கும் வரை, பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் சாம்பல் பறக்கும் அதே சரிவில் குடத்துடன் ஏறி இறங்குகிறார்கள். கருவுற்ற பெண்களுக்கும் இதில் விலக்கு இல்லை. கோடை மழை வந்தால் நிம்மதி என்றிருந்தால், முதல் மழையே சாம்பலையும் மண்ணையும் சுனைக்குள் இறக்கிவிடுகிறது. தெளியவைத்து வடிகட்டினாலும் கரி வாடை போவதில்லை. இந்தத் தண்ணீரைத்தான் கைக்குழந்தைக்கும் கொடுக்கிறோம், ஐயா.

5. ஒவ்வொரு முறையும் தீ வைத்தது யார் என்று எங்களையே விசாரிக்கிறார்கள். வைத்தவர் யாராயினும் தண்டியுங்கள், மறுப்பில்லை. ஆனால் ஒரு பொறி ஒரு பாறையோடு அணைவதும் மலை முழுவதும் எரிவதும் புல்லையும் காற்றையும் பொறுத்தது. காற்றை யாரும் நிறுத்த முடியாது, புல்லை அறுக்க முடியுமல்லவா? தையில் வெட்ட வேண்டிய தீத்தடுப்புக் கோட்டை, சரிவு முழுவதும் கருகிய பிறகு பங்குனியில் வந்து வெட்டுவதால் யாருக்கு என்ன பயன்? பச்சைத் தழையால் அடித்தே தீயை அணைக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்களும் எங்கள் பிள்ளைகள்தாம். அவர்கள் உயிருக்காகவும் கேட்கிறோம்.

6. குழாயைப் புதைக்க மண்ணைத் தோண்டக் கூடாது என்று தடுக்கிறார்கள். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 3(2), கிராம சபை பரிந்துரைத்தால், ஒரு எக்டேருக்கும் குறைவான வனநிலத்தில் குடிநீர்க் குழாய் அமைக்க இடமளிக்கிறது. எங்கள் கிராம சபைத் தீர்மானம் தங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறது. எங்கள் வழியில் ஒரு மரம்கூட வெட்ட வேண்டியதில்லை, வெறும் புல். இதற்கு ஏன் இத்தனை தாமதம்?

எனவே, தை முடிவதற்குள் சுனைச் சரிவின் இரு பக்கமும் தீத்தடுப்புக் கோடு வெட்டவும், சோலை விளிம்பில் உண்ணிச்செடியை வேருடன் அகற்றவும், குழாய் பதிக்க எழுத்துப்பூர்வ அனுமதி தரவும் மிகவும் பணிவுடன் வேண்டுகிறோம். தோண்டும் வேலையை ஊராரே செய்துகொள்கிறோம். அனுமதி மட்டும் தாருங்கள். புல் இப்போதே பழுக்கத் தொடங்கிவிட்டது. இந்த ஆண்டாவது தீக்கு முன்பு வாருங்கள், ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஊர்ப் பொதுமக்கள்

இணைப்பு: குடும்பத் தலைவர், தலைவியர் கையொப்பப் பட்டியல், கிராம சபைத் தீர்மான நகல்.